பூகம்பமா, நெருப்பா? 1906-இல் ஒரு கடைவீதியின் கதை

ஒரு வியாபாரி தம் கடையைப் பறிகொடுத்துவிட்டார். சுவர் போயிற்று, சரக்கு போயிற்று, கணக்குப் புத்தகமும் போயிற்று. “எதனால் போயிற்று?” என்று அவரிடம் போய்க் கேட்டால் என்ன சொல்வார்? “எல்லாந்தான் போச்சே, எதனாலே போனா என்னங்க?” என்றுதான் சொல்வார். ஆனால் 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஆயிரக்கணக்கான வியாபாரிகளிடம் இதே கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டது. பூகம்பத்தால் போயிற்றா, நெருப்பால் போயிற்றா? ஒருவர் மறுபடியும் கடை திறப்பதும், கையை விரித்துக்கொண்டு தெருவில் நிற்பதும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் அந்த ஊரைத் தெரிந்துகொள்வோம். 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டே உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாலுமிகளுக்கும் தங்க ஆசை வந்துவிட்டது. கப்பலை அப்படியே துறைமுகத்தில் விட்டுவிட்டு மலைப்பக்கம் ஓடிப் போனார்கள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளில்லாமல் நின்றன. சும்மா விடுவார்களா வியாபாரிகள்? சில கப்பல்களைக் கரைக்கு இழுத்துக் கிடங்காகவும் கடையாகவும் தங்கும் விடுதியாகவும் ஆக்கிக்கொண்டார்கள். பிறகு இடம் போதாமல் மணலையும் குப்பையையும் கொட்டிக் கடலையே தூர்த்தார்கள். அன்று அலையடித்த கரை இருந்த இடம் இன்றைய மாண்ட்காமரி வீதி. அதற்குக் கிழக்கே உள்ள வங்கிகளும் கிடங்குகளும் அலுவலகங்களும் நிற்பது அந்தத் தூர்த்த மண்ணின்மேல்தான். நயாண்டிக் என்ற கப்பலின் அடிப்பாகத்தை 1978-இல் ஒரு புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது கண்டெடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

தூர்த்த நிலத்தின் குணம் என்னவென்றால், சாதாரண நாளில் அது கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும். நிலம் குலுங்கும்போது, நீர் ஊறிய மணல் கூழாகிவிடும். மேலே நிற்கிற கட்டடம் ஒரு பக்கமாய்ச் சாயும், அல்லது கீழே இறங்கிவிடும்.

1906 ஏப்ரல் 18, புதன்கிழமை, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவு சுமார் 477 கிலோமீட்டர் நீளத்துக்கு நகர்ந்தது. சில இடங்களில் பிளவின் இருபுறமும் இருந்த வேலியும் பாதையும் ஆறு மீட்டர் வரை விலகிப் போயின. அதன் அளவை 7.9 என்று இன்றைய அறிவியலார் கணிக்கிறார்கள். கடைகள் திறக்காத நேரம் அது. அதே குலுக்கல் காலை பத்து மணிக்கு வந்திருந்தால் கடைத்தெருக்களில் செத்தவர்களை எண்ணி மாளாது. ஆனால் எல்லாக் கடையும் தூங்கவில்லை. நம் ஊர்ப் பசாரைப் போலவே அங்கும் காய்கறிச் சந்தை விடியுமுன் விழித்துவிடும். துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சந்தைத் தெருக்களில் செங்கல் சுவர்கள் அப்படியே வெளிப்பக்கம் சரிந்தன. வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் வண்டிக் குதிரைகளும் செங்கல்லுக்கு அடியில் போனார்கள்.

எந்தக் கட்டடம் விழுந்தது, எது நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். எஃகுச் சட்டம் வைத்துக் கட்டிய புதுக் கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. சந்தை வீதியில் 1898-இல் எழும்பிய கால் பத்திரிகைக் கட்டடம் நகரத்திலேயே உயரமானது. அது ஆடியது, ஆனால் விழவில்லை. 1904-இல் முடிந்த ஃபிளட் கட்டடமும் தாக்குப்பிடித்தது, இன்றும் இருக்கிறது. பட்டவை பழைய செங்கல் கடைகள்தான். மட்டமான சாந்து வைத்துக் கட்டியவை, மேலே அழகுக்காகக் கனத்த விளிம்பு வைத்தவை, தூர்த்த நிலத்தில் நின்றவை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் நூற்றாண்டுக்கு மேல் பணத்தைக் கொட்டிக் கட்டிய நகர மண்டபம் ஒரு நிமிடத்தில் எலும்புக்கூடாய் நின்றது. ஒப்பந்தக்காரர்கள் தின்றது போக மிச்சந்தான் சுவரில் இருந்தது என்று ஊரார் பேசிக்கொண்டார்களாம். பொதுப்பணத்தில் கட்டும் கட்டடங்களுக்கு எந்த நாட்டிலும் இந்தப் பேச்சு உண்டு போலும்!

குலுக்கல் ஒரு நிமிட அளவில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிது. அடுப்புகள் கவிழ்ந்தன, புகைபோக்கிகள் உடைந்தன, எரிவாயுக் குழாய்கள் பிளந்தன. ஊரின் பல இடங்களில் ஒரே சமயத்தில் நெருப்பு. தீயணைப்புப் படையின் தலைவர் டென்னிஸ் சல்லிவன் படுத்திருந்த நிலையத்தின்மேல் பக்கத்து விடுதியின் புகைபோக்கி விழுந்தது. படுகாயப்பட்ட அவர் நான்காம் நாள் இறந்துபோனார். வீரர்கள் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை! நிலத்துக்கு அடியில் பெரிய குழாய்கள் ஏறத்தாழ 300 இடங்களில் முறிந்திருந்தன. ஹேய்ஸ் வீதியில் ஒரு பெண்மணி காலைச் சாப்பாட்டுக்காக அடுப்பு மூட்டினார். புகைபோக்கி விரிசல் விட்டிருந்ததை அவர் அறியவில்லை. அந்த அடுப்பில் பிறந்த நெருப்பு பல தெருக்களைத் தின்றது. அதற்கு இன்றும் ‘பன்றியிறைச்சி முட்டை நெருப்பு’ என்றே பெயர் வழங்குகிறது.

தண்ணீர் இல்லாத ராணுவம் வெடிமருந்தை எடுத்தது. நெருப்பின் வழியில் உள்ள கட்டடங்களைத் தகர்த்து இடைவெளி உண்டாக்குவது அவர்கள் யோசனை. பழக்கமில்லாத கைகள். பல இடங்களில் வெடியே புதிய நெருப்பை மூட்டிவிட்டது. நாணயச் சாலை மட்டும் தப்பியது. அதன் முற்றத்தில் சொந்தக் கிணறு இருந்ததால் ஊழியர்கள் மணிக்கணக்கில் நின்று போராடி அதைக் காப்பாற்றினார்கள். ஜாக்சன் வீதியில் ஹோடலிங் என்பவரின் விஸ்கிக் கிடங்கும் தப்பியது. கடலிலிருந்து நீண்ட குழாய் போட்டு நீர் இறைத்துக் காத்தார்கள். கோயில்கள் எரிந்து சாராயக் கிடங்கு பிழைத்ததே என்று அந்த ஊர்க்காரர்கள் வெகு காலம் கேலி பேசியதுண்டு.

மூன்று நாள் எரிந்தது. சுமார் 490 தெருக்கட்டங்கள், ஏறக்குறைய 28,000 கட்டடங்கள் போயின. நாலு லட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கடைவீதி, வங்கி வீதி, மொத்த வியாபாரக் கிடங்குகள், துணிக்கடைகள், பத்திரிகை அலுவலகங்கள், சீனர் வட்டாரம் எல்லாம் சாம்பல்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மொத்தச் சொத்து நட்டம் 1906-இன் மதிப்பில் சுமார் 400 மில்லியன் டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பூகம்பம் மட்டும் செய்தது 80 மில்லியன். மிச்சம் நெருப்பின் வேலை. இந்த ஐந்தில் ஒன்று, ஐந்தில் நாலு என்ற கணக்கு புத்தகத்தில் எழுத எளிது. ஒரு கடையை எடுத்துக்கொண்டு அதில் எத்தனை பங்கு எதனால் போயிற்று என்று சாம்பலைப் பார்த்துச் சொல்ல யாரால் முடியும்?

வியாபாரிகளில் பெரும்பாலோர் தீக் காப்புறுதி எடுத்திருந்தார்கள். பூகம்பத்துக்குக் காப்புறுதி இல்லை. இங்கேதான் சிக்கல். பல பத்திரங்களில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது: நெருப்பு அல்லாத வேறு காரணத்தால் கட்டடமோ அதன் ஒரு பகுதியோ விழுந்துவிட்டால், விழுந்த அந்தக் கணமே காப்புறுதி செல்லாது. அதாவது, குலுக்கலில் உங்கள் கடைச் சுவர் ஒன்று விழுந்து, அரை மணி நேரம் கழித்து நெருப்பு வந்து முழுக் கடையையும் எரித்தாலும், ஒரு காசு கிடையாது! வேறு சில பத்திரங்களில், குறிப்பாக ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றின் பத்திரங்களில், பூகம்பத்தால் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ உண்டாகும் நெருப்புக்கும் பொறுப்பில்லை என்றே எழுதியிருந்தது.

மாதாமாதம் சந்தா கட்டுகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பொடி எழுத்தைப் படித்திருக்கிறோம்? அவர்களும் படிக்கவில்லை. ஆனால் செய்தி மட்டும் முதல் நாளே ஊரில் பரவிவிட்டது. சாய்ந்த கட்டடத்துக்குப் பணம் வராது, எரிந்த கட்டடத்துக்குத்தான் வரும் என்று கேள்விப்பட்டுச் சிலர் தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள் என்று ஒரு தீயணைப்பு வீரர் தம்மிடம் சொன்னதாக ராணுவத்தின் சிக்னல் படை அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். குற்றந்தான். ஆனால் வாழ்நாள் உழைப்பு ஒரு சொல்லில் தொங்கும்போது மனிதன் என்னென்ன செய்வான் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய மனிதர்களும் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் தீக்குச்சியைத் தொடவில்லை, சொல்லை மாற்றினார்கள். பூகம்பம் என்றால் வெளியூர் முதலாளி பயந்து ஓடுவான். நெருப்பு என்றால் எந்த ஊரிலும் வரக்கூடியதுதானே? ஆகவே நிலமும் கட்டடமும் விற்கும் வியாபாரிகள் கூடி, இனி ‘மகா பூகம்பம்’ என்று சொல்லக்கூடாது, ‘மகா நெருப்பு’ என்றே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரயில் கம்பெனியும் அதே பாட்டைப் பாடியது. காப்புறுதிப் பணத்துக்கும் அந்தப் பெயர் தோதாக இருந்தது.

நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் பணம் தர வேண்டியிருந்தது. அவர்களுடைய கிளை அலுவலகங்களே எரிந்து கிடந்தன. வியாபாரியின் பத்திரமும் எரிந்தது, கம்பெனியின் பிரதியும் எரிந்தது! மாதக்கணக்கில் பேரம் நடந்தது. ஊரார் கம்பெனிகளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கேட்டதை முழுசாகத் தந்தவை ‘டாலருக்கு டாலர்’ கம்பெனிகள். பூகம்பத்தின் பங்கு என்று கால்வாசியைக் கழித்துக்கொண்டு தந்தவை ‘முக்கால் டாலர்’ கம்பெனிகள். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளைச் சேர்ந்த சில கம்பெனிகள் ஒன்றுமே தரமாட்டோம் என்று நழுவின. சில கம்பெனிகள் தாங்களே மூழ்கிப்போயின. சான் பிரான்சிஸ்கோவிலேயே பிறந்த ஃபயர்மன்ஸ் ஃபண்ட் கம்பெனிக்கு இருந்த கடன் அதன் ஆஸ்தியைவிட அதிகம். அது பாதியை ரொக்கமாகவும் பாதியைப் புதுக் கம்பெனியின் பங்காகவும் கொடுத்துப் பிழைத்துக்கொண்டது. வாங்கிக்கொண்ட வியாபாரிகளும் வேறு வழியின்றித்தான் வாங்கினார்கள்.

லண்டன் லாயிட்ஸில் கத்பர்ட் ஹீத் என்றொரு காப்புறுதியாளர் இருந்தார். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எல்லாருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடு என்று தம் முகவருக்குத் தந்தி அடித்தார். இதைத் தருமம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கெட்டிக்கார வியாபாரி. அந்த ஒரு தந்தியால் லாயிட்ஸுக்கு அமெரிக்காவில் உண்டான நல்ல பெயர் எத்தனை விளம்பரம் செய்தாலும் வந்திருக்காது. எப்படியோ, எல்லாம் சேர்த்துச் சுமார் 235 மில்லியன் டாலர் வியாபாரிகள் கைக்கும் வீட்டுக்காரர்கள் கைக்கும் வந்தது. ஊர் மறுபடி எழுந்தது பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான்.

ஆனால் அது வர மாதங்கள் ஆயின. அதுவரை? வங்கிகளில் பணம் இருந்தது, ஆனால் எடுக்க முடியவில்லை. இரும்புப் பெட்டக அறைகள் நெருப்பில் கிடந்து அடுப்பாய்க் கொதித்தன. சூடு ஆறாமல் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கும் நோட்டும் பத்திரமும் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆகவே வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கலிபோர்னியா ஆளுநர் ஒவ்வொரு நாளையும் பொது விடுமுறை என்று அறிவித்துக்கொண்டே போனார், அன்றைய தவணைக்கு யாரும் யாரையும் நெருக்கக்கூடாது என்பதற்காக.

இந்த இடத்தில் அமடியோ ஜியானினியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இத்தாலியக் குடியேறிகளின் மகன். காய்கறி மொத்த வியாபாரத்தில் வளர்ந்தவர். பெரிய வங்கிகள் வாசலில் ஏற்றாத மீன்காரர், பழக்காரர், கூலிக்காரர்களுக்காக 1904-இல் பேங்க் ஆப் இத்தாலி என்று ஒரு சின்ன வங்கி தொடங்கியிருந்தார். பூகம்பத்தன்று சான் மாட்டியோவில் இருந்த தம் வீட்டிலிருந்து கிடைத்த வண்டியில் ஏறியும் நடந்தும் சுமார் 17 மைல் தூரம் கடந்து நண்பகலில் வந்து சேர்ந்தார். நெருப்பு நெருங்குகிறது. தம் குடும்பத்தாரின் காய்கறி வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்து, வங்கியில் இருந்த சுமார் 80,000 டாலர் பெறுமான தங்கத்தையும் வெள்ளியையும் ஏற்றி, அதன்மேல் ஆரஞ்சுப் பழப் பெட்டிகளை அடுக்கி, இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனார். திருடன் கண்ணுக்கு அது பழ வண்டி! சில நாட்களில் துறைமுகத்து மேடையில் இரண்டு பீப்பாய்களின்மேல் பலகை போட்டுக் கடன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வாங்க வந்தவரிடம் ஈடு காட்ட என்ன இருக்கும்? முகத்தைப் பார்த்தார், காய்த்துப்போன கையைப் பார்த்தார், கேட்டதில் ஒரு பகுதியைக் கொடுத்தார். மற்ற வங்கிகளின் பெட்டகம் ஆறுவதற்குள் இவருடைய வாடிக்கையாளர்கள் மரம் வாங்கிக் கடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சின்ன வங்கிதான் 1930-இல் பேங்க் ஆப் அமெரிக்கா என்று பெயர் மாறியது.

மற்ற வியாபாரிகள் நெருப்பு நின்ற இடத்தைத் தேடிப் போனார்கள். வான் நெஸ் என்ற அகன்ற சாலையின் ஓரத்தில் நெருப்பு பெரும்பாலும் நின்றுபோனது. அதன் மேற்குப் பக்கத்தில் பணக்காரர்களின் மாளிகைகள். எம்போரியம், சிட்டி ஆப் பாரிஸ் போன்ற பெரிய பலசரக்கு மாளிகைக் கடைகள் அந்த வீடுகளிலும் காலி மனைகளிலும் போய்க் கடை விரித்தன. வரவேற்பறையில் தொப்பி, படுக்கையறையில் பட்டு! ஃபில்மோர் வீதி அதுவரை சாதாரண அக்கம்பக்கத் தெரு; ஒரே மாதத்தில் நகரத்தின் நடுக்கடைவீதி ஆகிவிட்டது. ஓரிரு ஆண்டுகளில் பழைய இடத்தில் கட்டடங்கள் எழும்பியதும் பெரிய கடைகள் திரும்பிப் போய்விட்டன. நீலக் காற்சட்டைக்குப் பேர்போன லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியின் தலைமையகமும் தொழிற்சாலையும் எரிந்தன, ஏடுகளும் எரிந்தன. அப்படியும் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை. நொடித்த சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கடனுதவியும் செய்தது.

சீனர் வட்டாரத்தின் கதை வேறு. அங்கே காப்புறுதியைவிடப் பெரிய வம்பு ஒன்று வந்தது. நகரத்தின் நடுவில், நல்ல விலை போகும் நிலத்தில் இந்தச் சீனர்கள் இருக்கிறார்களே என்று வெகு நாளாகப் பொருமிக்கொண்டிருந்தவர்கள், நெருப்பு அணையுமுன்னே, ஊருக்குத் தென்கோடியில் ஹண்டர்ஸ் பாயிண்ட் என்ற இடத்துக்கு அவர்களைத் தள்ளிவிடத் திட்டம் போட்டார்கள். சீன அரசின் தூதரகம் எதிர்த்தது. சீன வியாபாரிகள் இன்னொரு கணக்கையும் எடுத்துக் காட்டினார்கள்: எங்களுக்கு இங்கே இடமில்லையென்றால் வேறு துறைமுகத்துக்குப் போகிறோம், கீழைநாட்டு வியாபாரமும் வரியும் வாடகையும் எங்களோடு வரும். கட்டட உரிமையாளர்களாகிய வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. லுக் டின் எலி என்ற வணிகர் முன்னின்று, கூரை வளைந்த கோபுரங்கள் வைத்த புதுக் கடைகளைக் கட்ட ஏற்பாடு செய்தார். வரைந்த கட்டடக் கலைஞர்கள் வெள்ளையர். சீனாவைப் பார்த்து வரைந்தவை அல்ல, சுற்றுலாப் பயணி எதைச் சீனா என்று நினைப்பானோ அதைப் பார்த்து வரைந்தவை. இன்று அங்கே போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு வருவது அவற்றைத்தான்.

இன்னொன்றும் நடந்தது. நகர ஆவணங்கள் எரிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. 1882 முதல் சீனர் குடியேற்றத்தைத் தடுத்த சட்டம் நடப்பில் இருந்த காலம். நான் இந்த ஊரில் பிறந்தவன், பத்திரம் எரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க யாரிடமும் காகிதம் இல்லை. பலர் அப்படிக் குடியுரிமை பெற்றார்கள். பிள்ளைகள் என்று சொல்லிப் பிறரையும் வரவழைத்தார்கள். ‘காகித மகன்கள்’ என்று அவர்களுக்குப் பெயர்.

இனி லண்டனுக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவின் தீக் காப்புறுதியில் பெரும் பங்கு பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் இருந்தது. 1906-இன் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து தங்கம் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கஜானா குறைவதைக் கண்ட இங்கிலாந்து வங்கி அந்த அக்டோபரில் வட்டியை 6 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. பணம் எங்கும் இறுகியது. 1907-இல் நியூயார்க் வங்கிகளில் உண்டான பெரும் பீதிக்கு இதுவும் ஒரு காரணம் என்று பொருளியல் ஆய்வாளர்கள் சிலர் காட்டியிருக்கிறார்கள். ஒரு காய்கறிச் சந்தையின் சுவர் விழுந்தது எங்கே, நியூயார்க் எங்கே!

‘நெருப்பு’ என்று பெயர் மாற்றியதற்கு ஒரு விலையும் இருந்தது. நகரம் அறிவித்த சாவுக் கணக்கு ஐந்நூறைத் தொடவில்லை. 1960-களில் நகர நூலகத்தில் பணிபுரிந்த கிளாடிஸ் ஹேன்சன் அம்மையாரிடம் சிலர் வந்து இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள். அப்படி ஒரு பட்டியலே இல்லை! அம்மையார் கடிதங்களையும் பழைய பதிவுகளையும் தேடித் தேடி ஒவ்வொரு பெயராகச் சேர்த்தார். இன்று இறந்தோர் சுமார் 3,000 அல்லது அதற்கும் மேல் என்று கொள்ளப்படுவது பெரும்பாலும் அவருடைய உழைப்பால்தான். சீனர்களும், மலிவு விடுதிகளில் தங்கியிருந்த கூலிக்காரர்களும் பழைய கணக்கில் ஏறவே இல்லை.

1915-இல் நகரம் ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடத்தியது. பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாடுவதாகப் பெயர். எங்கள் ஊர் எழுந்துவிட்டது என்று உலகுக்குக் காட்டுவதே உள்ளெண்ணம். அதற்கு இடம் வேண்டுமே? மறுபடியும் கடலைத்தான் தூர்த்தார்கள்! கடலடி மணலைக் குழாய்வழி இறைத்து நிலமாக்கினார்கள். கண்காட்சி முடிந்தபின் அங்கே வீடுகளும் கடைகளும் எழுந்தன. மெரினா வட்டாரம் என்று பெயர்.

1989 அக்டோபர் 17 மாலை, 6.9 அளவுள்ள பூகம்பம் வந்தது. மெரினாவின் மணல் கூழாயிற்று. கீழ்த்தளத்தில் கார் நிறுத்த வெற்றிடம் விட்டுக் கட்டிய வீடுகள் சாய்ந்தன. நிலத்தடிக் குழாய்கள் உடைந்தன, நெருப்புப் பிடித்தது, குழாயில் தண்ணீர் இல்லை. 1906-ஐ மனத்தில் வைத்துத் தனியாகப் போட்டிருந்த தீயணைப்புக் குழாய்களும் கை கொடுக்கவில்லை. அன்று காப்பாற்றியது ‘பீனிக்ஸ்’ என்ற ஒரு பழைய தீயணைப்புப் படகு. அது கரையோரமாய் வந்து நின்று கடல்நீரை இறைத்துக் கொடுக்க, ஆட்கள் குழாயைத் தெருவழியே இழுத்துக்கொண்டு போய் நெருப்பை அடக்கினார்கள்.

கலிபோர்னியாவில் இப்போதுள்ள சட்டப்படி, பூகம்பத்தால் மூண்ட நெருப்பானாலும் தீக் காப்புறுதி அதற்குப் பணம் தர வேண்டும். குலுக்கலில் சாய்ந்ததற்கு மட்டும் தனிப் பத்திரம் எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருப்பவர்கள் அங்கே இன்றும் குறைவுதான்.